டூட்டில இருந்தாருன்னு எழுதிக் குடுக்கறது யாரு?

1957 ஜனவரி 30. ஜப்பான்ல குன்மா மாகாணத்துல சோமகஹாரான்னு ஒரு இடம், அமெரிக்க ராணுவம் துப்பாக்கிப் பயிற்சி பண்ற மைதானம். போர் முடிஞ்சு பன்னெண்டு வருஷம்கூட முழுசா ஆகல, சுத்துப்பட்டு கிராமத்து சனங்க கையில காசு இல்ல, அதனால சிப்பாய்ங்க சுட்டு முடிச்சதும் கீழ விழுற பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி எடைக்குப் போடுறது அங்க ஒரு பொழப்பு. ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பித்தளைக்கு விலை இருந்துச்சு. அன்னைக்குப் பயிற்சிக்கு நடுவுல ஒரு இடைவேளை. அங்க இருந்த ஒரு மெஷின் கன்னுக்குக் காவலா ரெண்டு சிப்பாய்ங்களை நிறுத்தியிருந்தாங்க. அதுல ஒருத்தர் வில்லியம் ஜிரார்ட், வயசு 21. துப்பாக்கி முனைல கிரனேடு ஏவறதுக்கு மாட்டியிருந்த குழாய்ல ஒரு காலிக் கூட்டை வச்சு, பொறுக்க வந்தவங்க பக்கமா சுட்டார். ஓடிக்கிட்டிருந்த ஒரு அம்மாவோட முதுகுல அது பாய்ஞ்சது. வயசு 46, ஆறு பிள்ளைங்களோட தாய். செத்துப் போயிட்டாங்க.

யார் சுட்டதுன்னு யாருக்கும் சந்தேகம் இல்ல. அவரே மறுக்கல. சண்டை வந்தது ஒரே ஒரு கேள்வில, அந்த நிமிஷம் அவர் டூட்டில இருந்தாரா? அமெரிக்க ராணுவத்துல அவரோட மேலதிகாரி "ஆமா, டூட்டிலதான் இருந்தார், மெஷின் கன்னையும் அங்க கெடந்த சாமான்களையும் காவல் காக்கறதுதான் அவருக்குக் குடுத்த வேலை, அந்த வேலைய செய்யும்போது நடந்தது இது"ன்னு எழுதிக் குடுத்துட்டார். ஜப்பான் தரப்பு சொன்னது, காவல் காக்கச் சொன்னீங்க சரி, ஓடிப் போற பொம்பளைய முதுகுல சுடறது எந்தக் காவல்ல வரும்?

இந்த ஒரு கேள்விய பத்திதான் இந்தப் பதிவு முழுக்க. ஒரு நாட்டு ராணுவம் இன்னொரு நாட்டு மண்ணுல நிக்கும்போது அந்த சிப்பாய் மேல கொலை, பலாத்காரம், வண்டி ஏத்திக் கொன்னதுன்னு கேஸ் வந்தா அவனை யார் கோர்ட்ல நிறுத்தறது? கேக்க சின்ன சட்ட நுணுக்கம் மாதிரி தெரியும். ஆனா இதுக்காக ஊரே எரிஞ்சிருக்கு, ஒரு நாட்டோட அரசியலே திரும்பியிருக்கு. நான் வக்கீல் இல்ல, ஆனா 2012ல இருந்து இதை விடாம படிச்சிட்டு வர்றேன், ஏன் 2012ன்னு பின்னாடி சொல்றேன்.

மொதல்ல சட்டம் எப்படி இருக்குன்னு பாத்துருவோம். வெளிநாட்டுப் படை ஒரு நாட்டுல தங்கறதுக்கு ரெண்டு அரசாங்கமும் ஒரு ஒப்பந்தம் போடுவாங்க, அதுக்குப் பேரு ஸ்டேட்டஸ் ஆஃப் ஃபோர்சஸ் அக்ரிமென்ட், சுருக்கமா சோஃபா. 1951ல நேட்டோ நாடுகள் தங்களுக்குள்ள போட்டதுதான் இதுக்கெல்லாம் அச்சு, ஜப்பான், கொரியா எல்லாம் பின்னாடி அதை ஒட்டியே வந்தது. அதோட சாரம் இதுதான். சில குற்றங்கள்ல ரெண்டு நாட்டுக்கும் விசாரிக்க உரிமை உண்டு, அப்ப யாருக்கு முதல் உரிமைங்கறத பிரிச்சு வச்சிருக்காங்க. சிப்பாய் இன்னொரு சிப்பாய அடிச்சாலோ தன்னோட ராணுவத்து சொத்தத் திருடினாலோ அனுப்பின நாடு விசாரிக்கும். டூட்டி செய்யும்போது நடந்த குற்றம்னாலும் அனுப்பின நாடுதான். மத்த எல்லாத்துக்கும், அதாவது லீவுல வெளிய போயி குடிச்சிட்டு ஒருத்தனக் குத்தினான், ஒரு பொண்ணத் தூக்கிட்டுப் போனான்னா, அந்த ஊர் கோர்ட்டுக்கு முதல் உரிமை. யாருக்கு முதல் உரிமையோ அவங்க விருப்பப்பட்டா விட்டும் குடுக்கலாம்.

படிச்சா நியாயமாத்தான் இருக்கு. உண்மையிலேயே இதுல ஒரு நியாயம் இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன். இருபது வயசுப் பையன் ஒருத்தன அரசாங்கம் கட்டளை போட்டு ஏதோ ஒரு நாட்டுக்கு அனுப்புது, அங்க அவன் அதிகாரி சொன்னபடி ஒரு லாரிய ஓட்டிட்டுப் போகும்போது விபத்து, அதுக்கு பாஷை தெரியாத ஒரு ஊர் ஜெயில்ல அவன் மட்டும் பத்து வருஷம் கிடக்கணும்னா அந்தப் பையனோட அம்மா கேப்பாங்கல்ல, என் மகனை அனுப்பினது நீங்கதானேன்னு. அதனால பிரிச்சு வச்சது தப்பில்ல. கோளாறு எங்க இருக்குன்னா, "டூட்டி"ன்னு முடிவு பண்றது யாருங்கற இடத்துல. ஜப்பான் ஒப்பந்தத்துல சிப்பாயோட கமாண்டர் ஒரு சர்டிபிகேட் குடுத்தா, வேற மாதிரின்னு நிரூபிக்கிற வரைக்கும் அதுவே போதுமான ஆதாரம். குற்றம் சாட்டப்பட்டவனோட மேலதிகாரி எழுதற ஒரு தாள். அதைப் பொய்னு நிரூபிக்க வேண்டிய சுமை பொணத்தை வச்சிக்கிட்டு நிக்கற பக்கத்துக்கு.

ஜிரார்ட் கேஸ்ல ஜப்பான் விடல. ரெண்டு நாட்டு அதிகாரிங்க உக்காந்து பேசற கூட்டுக் கமிட்டி ஒண்ணு உண்டு, அங்க வாரக்கணக்கா இழுத்து, கடைசில அமெரிக்க அரசாங்கம் சரி ஜப்பானே விசாரிக்கட்டும்னு விட்டுக் குடுத்துச்சு. அவ்வளவுதான், அமெரிக்காவுல பெரிய கொந்தளிப்பு. நம்ம பையனை ஜப்பான்காரன் கையில குடுக்கறதான்னு பத்திரிகைகள்ல, காங்கிரஸ்ல எல்லாம் சத்தம். ஜிரார்ட் சார்பா வாஷிங்டன் கோர்ட்ல மனு போட்டாங்க, கீழ்க்கோர்ட் ஒப்படைக்கக் கூடாதுன்னு தடையே போட்டுருச்சு. கேஸ் நேரா சுப்ரீம் கோர்ட். 1957 ஜூலை 11 அன்னைக்கு ஒரு நீதிபதிகூட மாறுபடாம தீர்ப்பு வந்துச்சு. இறையாண்மை உள்ள ஒரு நாட்டுக்குத் தன் எல்லைக்குள்ள நடக்குற குற்றத்தைத் தண்டிக்கிற முழு உரிமை இருக்கு, அதுவா சம்மதிச்சு விட்டுக் குடுத்தா ஒழிய அது போகாது, ஜப்பான் விட்டுக் குடுத்ததே சில நிபந்தனையோடதான், அதனால ஒப்படைக்கறதுக்கு அமெரிக்க அரசியல் சட்டத்துல தடை எதுவும் இல்லைன்னு. தோத்துப் போன நாட்டோட கோர்ட்டுக்கு ஜெயிச்ச நாட்டோட சுப்ரீம் கோர்ட் மரியாதை குடுத்த அந்த நாள் எனக்கு ரொம்ப முக்கியமா படுது.

ஆனா கதை அதோட முடியல. நவம்பர்ல மாயேபாஷி மாவட்ட கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. மூணு வருஷ தண்டனை, அதுவும் நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை, அதாவது ஒழுங்கா இருந்தா ஜெயிலுக்கே போக வேண்டாம். சில வாரத்துல ஜிரார்ட் கப்பலேறிட்டார். பல வருஷம் கழிச்சு ரகசியக் காப்பு நீங்கி வெளிய வந்த ஆவணங்கள்ல தெரிஞ்சது என்னன்னா, ஒப்படைக்கும்போதே ரெண்டு அரசாங்கத்துக்கும் நடுவுல ஒரு பேச்சு இருந்திருக்கு. கொலைக் குற்றம் சாட்டக் கூடாது, காயப்படுத்தி மரணம் விளைவிச்சதுங்கறதத் தாண்டிப் போகக் கூடாது, முடிஞ்ச அளவு லேசான தண்டனை கிடைக்க ஜப்பான் தரப்பு பாத்துக்கணும். கோர்ட் ஜப்பானோடது, நீதிபதி ஜப்பான்காரர், சட்டப் புத்தகமும் ஜப்பானோடது. அந்த ஆறு பிள்ளைங்களும் இதையெல்லாம் நம்பித்தானே கோர்ட் வாசல்ல நின்னிருப்பாங்க.

இதுக்கும் முன்னாடியே இன்னொண்ணு நடந்திருக்கு. 1953 அக்டோபர்ல ஜப்பானுக்கு நேட்டோ மாதிரி முதல் உரிமை கிடைச்சதே, அதே மாசம் கூட்டுக் கமிட்டில ஜப்பான் பிரதிநிதி ஒருத்தர், ரொம்ப முக்கியமான கேஸைத் தவிர மத்ததுல இந்த உரிமைய நாங்க பயன்படுத்தறதா இல்லைன்னு சொல்லி வச்சிருக்காரு. ஊருக்கு உரிமை வந்துருச்சுன்னு அறிவிப்பு, உள்ள அதை வேண்டாம்னு ஒரு குறிப்பு. ஐம்பது வருஷத்துக்கு மேல இது வெளிய வரல. ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க ஆவணக் காப்பகத்துல தோண்டி எடுத்தாங்க, அப்புறம் 2011ல ஜப்பான் வெளியுறவு அமைச்சகமே காகிதத்தை வெளியிட்டு, அது எங்க கொள்கைய சொன்னது மட்டும்தான், ஒப்பந்தம் எல்லாம் இல்லைன்னு விளக்கம் குடுத்துச்சு. எனக்கு இந்த விளக்கம் சுத்தமா ஏத்துக்க முடியல. மக்களுக்குத் தெரியாம குடுத்த வாக்குக்கு எந்தப் பேரு வச்சா என்ன.

இப்ப 2012. எங்க மாவட்டம் கன்னியாகுமரி. பிப்ரவரி 15 அன்னைக்கு கேரளக் கரைல இருந்து சுமார் 20 கடல் மைல் தள்ளி செயின்ட் ஆன்டனிங்கற மீன்பிடி படகு மேல இத்தாலிக் கொடி கட்டின என்ரிகா லெக்சிங்கற எண்ணெய்க் கப்பல்ல இருந்து சுட்டாங்க. ரெண்டு பேர் செத்தாங்க. ஒருத்தர் கொல்லம், இன்னொருத்தர் எங்க இரையுமன்துறைப் பையன், வயசு இருபது. சுட்டது கப்பல்ல காவலுக்கு இருந்த இத்தாலிக் கடற்படை வீரர்கள் ரெண்டு பேர், கடற்கொள்ளைக்காரங்கன்னு நெனச்சுட்டோம்னு சொன்னாங்க. அந்தக் கரைல எத்தனை குடும்பம் அன்னைக்கு ராத்திரி தூங்காம கெடந்திருக்கும், கடலுக்குப் போனவன் திரும்பி வரலைன்னா புயல்னு நினைப்பாங்க, எஞ்சின் போச்சுன்னு நினைப்பாங்க, ஒரு கப்பல் சிப்பாய் சுட்டுக் கொல்லுவான்னு யாருக்குத் தோணும். இது சோஃபா கேஸ் இல்லதான், இத்தாலிப் படை நம்ம நாட்டுல தங்கியிருக்கல, ஒப்பந்தமும் கிடையாது. ஆனா கடைசில வந்து நின்ன கேள்வி ஜிரார்ட் கேள்விதான்.

கேரள போலீஸ் அரெஸ்ட் பண்ணுச்சு. 2013 ஜனவரில சுப்ரீம் கோர்ட், கேரளாவுக்கு அதிகாரம் இல்ல, மத்திய அரசு தனி கோர்ட் அமைச்சு விசாரிக்கட்டும்னு சொல்லுச்சு. நடுவுல ஓட்டு போட இத்தாலிக்குப் போறோம்னு சுப்ரீம் கோர்ட்ல அனுமதி வாங்கிட்டுப் போனவங்களத் திருப்பி அனுப்ப மாட்டோம்னு இத்தாலி அரசாங்கம் அறிவிச்சுது, நம்ம கோர்ட் இத்தாலித் தூதர் நாட்டை விட்டுப் போகக் கூடாதுன்னு உத்தரவு போட்டப்புறம்தான் திரும்பி வந்தாங்க. வருஷங்கள் ஓடுச்சு, விசாரணை ஒண்ணு தொடங்கவே இல்ல. 2014ல ஒருத்தர் உடம்பு சரியில்லைன்னு ஊருக்குப் போனார், 2016ல இன்னொருத்தரும் போனார். விஷயம் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போயி, 2020ல தீர்ப்பு வந்துச்சு. படகோட கடல் உரிமைய இத்தாலி மீறிடுச்சு, நஷ்டஈடு குடுக்கணும், ஆனா அந்த ரெண்டு வீரர்களும் அரசாங்க வேலைல இருந்தவங்க, அரசு அதிகாரியா செஞ்ச காரியத்துக்கு இந்தியக் கோர்ட்ல அவங்களை விசாரிக்க முடியாது. ஐஞ்சு நடுவர்கள்ல மூணு பேர் அப்படிச் சொன்னாங்க, ரெண்டு பேர் சொல்லல. ஒரே ஒரு நடுவர் மாத்தி யோசிச்சிருந்தா போதும். நஷ்டஈடு 10 கோடி ரூபா, குடும்பத்துக்கு நாலு நாலு கோடி, படகு ஓனருக்கு ரெண்டு கோடி. 2021 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் கேஸை முடிச்சுது. இத்தாலியிலேயே விசாரிப்போம்னு சொன்னாங்க, 2022 ஜனவரில ரோம் நீதிபதி அங்கயும் கேஸை மூடிட்டாரு.

சுட்டது சரியா தப்பான்னு ஒரு கோர்ட்கூட சாட்சிகளைக் கூப்பிட்டு முழுசா விசாரிச்சுத் தீர்ப்பு சொல்லல. இந்தியாவுல இல்ல, இத்தாலியிலயும் இல்ல. பத்து வருஷம் சண்டை போட்டது முழுக்க யார் விசாரிக்கறதுன்னுதான். பணம் வந்துச்சு, அந்தக் குடும்பங்களுக்கு அது தேவை, நான் அதைக் குறை சொல்லல. ஆனா அன்னைக்கு அந்தத் தண்ணிக்கு மேல என்ன நடந்துச்சுன்னு ஒரு நீதிபதி எழுதி வச்ச ஒரு பக்கம் அந்தப் பையனோட வீட்டுக்கு வரல.

இதே இத்தாலி 1998ல எங்க நின்னுச்சு தெரியுமா? பிப்ரவரி 3, கவாலேசேங்கற மலை ஊரு, பனிச்சறுக்கு சீசன். அவியானோ தளத்துல இருந்து கெளம்பின அமெரிக்க மரைன் படையோட ப்ரவுலர் விமானம் ஒண்ணு, அனுமதிச்ச உயரத்துக்கு ரொம்பக் கீழ மலைப் பள்ளத்தாக்குக்குள்ள வேகமா பறந்து ரோப் காரோட கம்பியை அறுத்துருச்சு. உள்ள இருந்த 20 பேரும் கீழ விழுந்து செத்தாங்க, இத்தாலி, ஜெர்மனி, பெல்ஜியம், போலந்துன்னு பல நாட்டுக்காரங்க. இத்தாலி அரசு வக்கீல்கள் நாங்கதான் விசாரிப்போம்னு நின்னாங்க, பயிற்சிப் பறத்தல் டூட்டிதான், அதனால நேட்டோ ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்குத்தான் உரிமைன்னு இத்தாலிக் கோர்ட்டே சொல்ல வேண்டியதாச்சு. வட கரோலினாவுல ராணுவ கோர்ட் 1999ல பைலட்டை மரணத்துக்கான குற்றச்சாட்டுல இருந்து விடுதலை பண்ணுச்சு. விமானத்துல எடுத்த வீடியோ டேப்பை அழிச்சதுக்காக மட்டும் பின்னாடி ஆறு மாச தண்டனை. இத்தாலி முழுக்க கோபம், பிரதமர்ல இருந்து தெருவுல போறவங்க வரைக்கும். அந்தக் கோபம் நூத்துக்கு நூறு நியாயம். பதினாலே வருஷத்துல அதே நாடு எங்க பையன் கேஸ்ல மறுபக்கம் போயி நின்னு, எங்க வீரர்கள் டூட்டில இருந்தாங்கன்னு வாதாடுச்சு.

கொரியாவுலயும் இதே மாதிரி ஒண்ணு. 2002 ஜூன் 13, நாடே உலகக் கோப்பை ஃபுட்பால் ஜுரத்துல இருக்கு, சியோலுக்கு வடக்க யாங்ஜுங்கற ஊர்ல ரோட்டோரமா நடந்து போன 14 வயசுப் பொண்ணுங்க ரெண்டு பேர் மேல அமெரிக்க ராணுவக் கவச வண்டி ஏறிருச்சு. பயிற்சிக்குப் போன வண்டி, அதனால டூட்டி. எங்களுக்கு விட்டுக் குடுங்கன்னு கொரிய அரசாங்கம் கேட்டும் குடுக்கல. நவம்பர்ல ராணுவ கோர்ட் ரெண்டு சிப்பாய்ங்களையும் விடுதலை பண்ண, மெழுகுவத்தி ஏந்தி ஆயிரக்கணக்குல தெருவுக்கு வந்தாங்க. ரேடியோ வேலை செய்யல, ஓட்டினவருக்கு அந்தப் பொண்ணுங்க கண்ணுல படல, உண்மையிலேயே விபத்தாவே இருந்திருக்கலாம். ஆனா சொந்த நாட்டுச் சிப்பாய, அதே ராணுவத்து அதிகாரிங்க ஜூரியா உக்காந்து, முகாம் கேட்டுக்குள்ளயே விசாரிச்சு விடுதலை பண்ணா வெளிய நிக்கறவங்க எதை வச்சு நம்புவாங்க?

இதுவரைக்கும் டூட்டி கேஸ். டூட்டி இல்லாத கேஸ்லயாவது எல்லாம் ஒழுங்கா நடக்குதான்னா, அங்க இன்னொரு முடிச்சு, கஸ்டடி. குற்றம் சாட்டப்பட்டவன் உடம்பு யார் கையில இருக்கு. இதுக்கு ஒகினாவாவத்தான் பாக்கணும்.

ஜப்பானோட மொத்த நிலப்பரப்புல 0.6 சதவீதம்தான் ஒகினாவா, ஆனா அமெரிக்கப் படைக்குன்னே ஒதுக்கின நிலத்துல சுமார் 70 சதவீதம் அங்கதான் இருக்கு. 1972 வரைக்கும் அந்தத் தீவு அமெரிக்க நிர்வாகத்துலயே இருந்துச்சு, அப்ப சிப்பாய் மேல கேஸ்னா அவங்க ராணுவ கோர்ட் மட்டும்தான், ஊர்க்காரங்களுக்கு வாயத் திறக்க இடமே கிடையாது. 1970ல இதோமான்ல ஒரு பொம்பளைய வண்டி ஏத்திக் கொன்ன சிப்பாய டிசம்பர்ல ராணுவ கோர்ட் விடுதலை பண்ணுச்சு. அதே மாசம் 20ஆம் தேதி கோசாங்கற ஊர்ல மறுபடி ஒரு அமெரிக்கர் ஓட்டின கார் ஒருத்தர் மேல மோத, ராத்திரியோட ராத்திரியா சனம் கூடி அமெரிக்கர்களோட மஞ்ச நம்பர் பிளேட் வண்டியாப் பாத்து எழுபதுக்கு மேல கொளுத்துனாங்க. கடைகளைக் கொள்ளை அடிக்கல. அவங்க கோபம் எது மேலன்னு அவங்களுக்குத் தெளிவா தெரிஞ்சிருந்துச்சு.

அப்புறம் 1995 செப்டம்பர் 4. இத எழுதவே கை வரல. பன்னெண்டு வயசுக் குழந்தை, கடைக்குப் போயிட்டு வந்துட்டிருந்தா. மூணு அமெரிக்கச் சிப்பாய்ங்க வாடகைக் கார்ல வந்து தூக்கிட்டுப் போயி நாசம் பண்ணாங்க. ஒகினாவா போலீஸ் சில நாள்ல ஆளைக் கண்டுபிடிச்சு வாரண்டும் வாங்கிட்டாங்க. டூட்டிங்கற பேச்சுக்கே இடமில்ல, ஜப்பானுக்குத்தான் முதல் உரிமை, அமெரிக்காவும் அதை மறுக்கல. ஆனா சோஃபாவோட 17வது பிரிவுல, ஆள் அமெரிக்கா கையில இருந்தா குற்றப்பத்திரிகை போடற வரைக்கும் அமெரிக்கா கையிலேயே இருப்பான்னு இருக்கு. அதனால மூணு பேரும் தளத்துக்குள்ள, போலீஸ் விசாரிக்க ஆளை வரவச்சு வரவச்சு அனுப்பணும், செப்டம்பர் 29 அன்னைக்குக் குற்றப்பத்திரிகை போட்டதுக்கு அப்புறம்தான் ஒப்படைச்சாங்க. அக்டோபர் 21 அன்னைக்கு கினோவான்ல நடந்த கூட்டத்துக்கு 85,000 பேர் வந்தாங்கன்னு ஏற்பாட்டாளர்கள் கணக்கு.

அமெரிக்கா சொல்ற காரணத்தையும் சொல்லிடறேன், ஏன்னா அதுல விஷயம் இருக்கு. ஜப்பான்ல குற்றப்பத்திரிகை இல்லாமலே ஒருத்தர 23 நாள் வரைக்கும் போலீஸ் காவல்ல வச்சிக்கலாம், விசாரிக்கும்போது வக்கீல் பக்கத்துல உக்கார முடியாது, வாக்குமூலம் வாங்கறதுலயே குறியா இருப்பாங்கன்னு ஜப்பானுக்குள்ளயே மனித உரிமைக்காரங்க காலங்காலமா சொல்றாங்க. எங்க ஆளை அப்படி ஒரு அறையில விட முடியாதுன்னு அமெரிக்கா சொல்லுது. சரி, அது மோசமான முறைன்னா ஒகினாவாவுல பிறந்த ஏழை டிரைவருக்கும் அது மோசமான முறைதானே. வெளிநாட்டுச் சிப்பாய்க்கு மட்டும் அதுல இருந்து கதவு தொறந்து விட்டா, அந்த ஊர்ல ரெண்டு வகை மனுஷங்க இருக்காங்கன்னு சட்டமே எழுதி வச்ச மாதிரி ஆயிடுது.

அந்த வருஷம் அக்டோபர்ல ஒரு மாற்றம் வந்துச்சு. கொலை, பலாத்காரம் மாதிரி கொடூரமான குற்றம்னா குற்றப்பத்திரிகைக்கு முன்னாடியே ஒப்படைக்கறத அமெரிக்கா "பரிவோட பரிசீலிக்கும்". ஒப்பந்தத்தோட வாசகத்துல ஒரு எழுத்தும் மாறல, கமிட்டில ஒரு புரிதல், அவ்வளவுதான். பரிவு காட்டறதும் காட்டாததும் அவங்க இஷ்டம். ஒரு குழந்தைக்கு நடந்ததுக்கு அப்புறமும் ஜப்பானால வாங்க முடிஞ்சது இவ்வளவுதான்னு நினைச்சா வயிறு எரியுது. அடுத்த மாசம் அமெரிக்காவோட பசிபிக் படைகளுக்குத் தலைவரா இருந்த அட்மிரல் ரிச்சர்ட் மேக்கி, அந்தக் கார் வாடகைக் காசுக்கு ஒரு பொண்ணையே வாங்கியிருக்கலாமேன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னார். பதவி போச்சு. 1996 மார்ச்சுல ஒகினாவா தலைநகர் நாஹாவுல இருக்குற கோர்ட் ரெண்டு பேருக்கு ஏழு வருஷம், ஒருத்தருக்கு ஆறரை வருஷம்னு தீர்ப்பு குடுத்துச்சு.

பிலிப்பைன்ஸ்ல கஸ்டடிப் பிரச்சனை இன்னும் ஒரு படி மேல. அங்க 1998ல போட்ட ஒப்பந்தப்படி விசாரணை முடியற வரைக்கும் ஆள் அமெரிக்கா கையில. 2005ல சூபிக்ல நடந்த பலாத்காரக் கேஸ்ல மகாட்டி கோர்ட் ஒரு மரைனுக்கு 40 வருஷம் வரைக்கும் தண்டனை குடுத்து உள்ளூர் ஜெயிலுக்கு அனுப்புச்சு. அமெரிக்கா ரெண்டு நாட்டுக் கூட்டு ராணுவப் பயிற்சியை ரத்து பண்றோம்னு சொன்னதும், 2006 டிசம்பர் கடைசில ராத்திரி நேரத்துல அவரை ஜெயில்ல இருந்து எடுத்து அமெரிக்கத் தூதரகத்துல கொண்டு போய் விட்டாங்க. 2009ல பிலிப்பைன்ஸ் சுப்ரீம் கோர்ட் அது ஒப்பந்தத்துக்கே முரண்னு சொல்லுச்சு, ஆனா அவரை மாத்தறதுக்குள்ள, புகார் குடுத்த பொண்ணு தன்னோட வாக்குமூலத்துல சந்தேகம் சொல்லி ஒரு மனு குடுத்துட்டு அமெரிக்காவுக்குப் போயிட, ஏப்ரல்ல மேல்முறையீட்டு கோர்ட் விடுதலை பண்ணிருச்சு. 2014ல ஓலாங்கப்போவுல ஒரு திருநங்கையைக் கொன்ன மரைனுக்கு அடுத்த வருஷம் தண்டனை கிடைச்சது, ஆனா அவர் இருந்தது சாதாரண ஜெயில்ல இல்ல, மணிலாவுல ராணுவத் தலைமையகத்துக்குள்ள தனியா ஒரு இடத்துல. 2020 செப்டம்பர்ல அதிபர் துதர்தே மன்னிப்பு குடுத்து அனுப்பிட்டார்.

சில நாடுகள்ல இது ஆட்சியவே அசைச்சிருக்கு. 1964ல ஈரான் பார்லிமென்ட் அமெரிக்க ராணுவ ஆட்களுக்கு முழு விலக்கு குடுத்து சட்டம் போட்டப்ப, ஈரான் மன்னர் ஷாவே ஒரு அமெரிக்கனோட நாய் மேல கார ஏத்துனா கேள்வி வரும், அமெரிக்கச் சமையல்காரன் ஷா மேல ஏத்துனா யாரும் கேக்க முடியாதுன்னு மதத் தலைவர் கொமேனி பேசினார். நாடு கடத்தினாங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு, ஷாவோட ஆட்சியக் கவுத்த புரட்சியோட அவர் எப்படித் திரும்பி வந்தார்னு உலகத்துக்கே தெரியும்.

இவ்வளவும் அமெரிக்காவத் திட்டறதுக்காக எழுதறேன்னு நினைச்சுட வேண்டாம். ஆளை அனுப்புற இடத்துல யார் நின்னாலும் இதத்தான் செய்யறாங்க. ஒகினாவாவுக்காகக் கண்ணீர் விடுற ஜப்பான், 2009ல ஆப்பிரிக்காவுல ஜிபூத்திக்குத் தன்னோட படைய அனுப்பும்போது போட்ட ஒப்பந்தத்துல, தன் வீரர்கள் மேல குற்ற விசாரணை அதிகாரம் முழுக்க ஜப்பானுக்கேன்னு வாங்கிக்கிச்சு. டூட்டி, டூட்டி இல்லைங்கற பிரிவே இல்லாம. ஜப்பான்ல அமெரிக்காவுக்குக் கிடைச்சதவிட அதிகம்.

நம்ம கதைக்கு வந்தா இன்னும் வலிக்குது. 1987 அக்டோபர் 21, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி. இந்திய அமைதிப்படை உள்ள புகுந்து சுட்டதுல டாக்டர், நர்ஸ், நோயாளின்னு அறுபதுக்கும் மேல செத்தாங்க. உள்ள இருந்து புலிகள் சுட்டாங்க, சண்டைக்கு நடுவுல நடந்ததுன்னு இந்திய ராணுவத் தரப்பு சொல்லுச்சு, உயிர் தப்பின ஊழியர்கள் சொன்னது வேற. யார் சொல்றது சரின்னு எந்த நீதிபதியும் உக்காந்து கேக்கல. இலங்கைக் கோர்ட்லயும் சரி, இந்தியாவுலயும் சரி, அதுக்காக ஒருத்தரும் தண்டிக்கப்படல. இரையுமன்துறைப் பையனுக்காக நான் இத்தாலிகிட்ட என்ன கேக்குறேனோ அதையே யாழ்ப்பாணத்துல ஒருத்தர் என்னோட நாட்டுகிட்ட கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. இலங்கை ராணுவத்தோட கதையும் இருக்கு, ஐநா அமைதிப்படைல ஹெய்ட்டிக்குப் போன இலங்கைச் சிப்பாய்ங்க நூறு பேருக்கும் மேல 2007ல பாலியல் சுரண்டல் புகார்ல திருப்பி அனுப்பப்பட்டாங்க, அதுல சிறுவர் சிறுமிங்க சம்பந்தப்பட்ட புகாரும் இருந்துச்சு. ஐநா படைல விதி என்னன்னா ஆள் அனுப்பின நாடுதான் விசாரிக்கும், ஹெய்ட்டி கோர்ட்டுக்கு அங்க வேலையே இல்ல. ஜெயிலுக்குப் போனதா ஒருத்தர் பேரும் வெளிய வரல.

அதனால எனக்கு என்ன தோணுதுன்னா, யாருக்கு முதல் உரிமைன்னு ஒப்பந்தத்துல எழுதறதுல பெரிய நாடு சின்ன நாடு சண்டை போட்டுட்டே இருக்கட்டும், ஆனா ரெண்டு விஷயம் மட்டும் மாறணும். டூட்டி சர்டிபிகேட்டை சிப்பாயோட கமாண்டர் எழுதலாம், அதைச் சரி பாக்கறது ரெண்டு ராணுவத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு நீதிபதியா இருக்கணும், அதுவும் கதவத் தொறந்து வச்சு, செத்தவங்க குடும்பம் உக்காந்து கேக்குற மாதிரி. விசாரணைய அனுப்பின நாடு எடுத்துக்கிச்சுன்னா, அந்த விசாரணை கண்டிப்பா நடக்கணும், நடந்துச்சுன்னு குடும்பத்துக்குக் கணக்குச் சொல்லணும். இத்தாலி கேஸ்ல என்ன ஆச்சுன்னு பாத்தோமே, உரிமைய வாங்கிட்டுப் போனவங்க கேஸையே மூடிட்டாங்க.

ஒகினாவாவுல இப்ப என்ன நிலைமைன்னு சொல்லிடறேன். 2023 டிசம்பர்ல 16 வயசுக்குக் கீழ உள்ள ஒரு பொண்ண அமெரிக்க விமானப்படை ஆள் ஒருத்தர் பலாத்காரம் பண்ணினதா கேஸ். 2024 மார்ச்சுல நாஹால குற்றப்பத்திரிகை போட்டாச்சு, ஆளும் ஜப்பான் கையில வந்தாச்சு. சட்டம் சொன்னபடி எல்லாம் நடந்துச்சு, ஒண்ணைத் தவிர. மாகாண அரசாங்கத்துக்கு யாருமே சொல்லல. ஏப்ரல்ல பிரதமர் கிஷிடா வாஷிங்டன் போயிட்டு வந்தார், ஜூன் 16ல மாகாண சட்டசபைத் தேர்தல் முடிஞ்சுது, ஜூன் 25ல டிவில செய்தி வந்தப்பதான் ஆளுநர் டெனி தமாகிக்கே தெரியும். அவரோட அப்பா ஒரு அமெரிக்க மரைன், அவரைத் தமாகி பாத்ததே இல்ல. ஊருல பெரிய எதிர்ப்பு கெளம்பினதுக்கு அப்புறம் இனிமே மாகாணத்துக்கும் சொல்றோம்னு டோக்கியோ ஒத்துக்கிச்சு. டிசம்பர்ல அந்த ஆளுக்கு அஞ்சு வருஷ தண்டனை.

அதே 2024 செப்டம்பர்ல ஆளுங்கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி போட்ட ஷிகேரு இஷிபா நாஹாவுக்கு வந்து, சோஃபாவத் திருத்தற வேலைய ஆரம்பிப்பேன்னு சொன்னார். அக்டோபர் 1 அன்னைக்குப் பிரதமரானார். ஒரு வருஷம் பதவில இருந்துட்டுப் போயிட்டார். இப்ப நடப்புல இருக்குற, 1960ல எழுதின ஒப்பந்தத்துல இதுவரைக்கும் ஒரு வரிகூட திருத்தப்படல, 17வது பிரிவு உட்பட.